களா மட்டும் வேண்டாம் மாப்ள!

புது வீட்டு காம்பவுண்டு ஓரமா அழகுக்கு என்ன செடி வைக்கலாம்னு கேட்டீங்க. மாமனார்ங்கிற முறைக்கு ஒண்ணே ஒண்ணு சொல்றேன்: எதை வேணா வைங்க, களாச்செடி மட்டும் வச்சிராதீங்க. மேகமலை அடிவாரத்துல ஆடு மேய்க்கிற பயலுக சும்மா பறிச்சுத் தின்னுட்டுத் திரியிற காய் அது. காசு குடுத்து வாங்காத செடிக்கு என்ன மரியாதை இருக்கு?

நர்சரியில டூரண்டா வாங்கிட்டு வந்துட்டீங்களாமே, மகள் சொன்னா. நல்ல செடி. கொத்துக் கொத்தா மஞ்சளாக் காய்க்கும், பார்க்க லட்சணம், தின்னா விஷம். பேரன் ஒரு கொத்தை வாயில போட்டான்னா க.விலக்கு பெரியாஸ்பத்திரிக்கு ஓடலாம், போற வழியில சொந்தக்காரங்களையும் பார்த்துட்டு வரலாம். களாவுல இந்த வசதியெல்லாம் கிடையாது. காயைக் கடிச்சா பால் உதட்டுல ஒட்டும், பல்லு கூசும், அம்புட்டுத்தான். பழுத்துக் கறுத்துருச்சுன்னா அந்தப் புளிப்பும் இனிப்புக்கு வந்துரும்.

அழகும் ஒண்ணும் பிரமாதமில்ல. வருசம் பூரா இலை பச்சையா நிக்கும். வெள்ளைப் பூ, மல்லிகைக்குப் பக்கத்துல நிக்கிற வாசம். ஒரே செடியில ஒரு காய் பச்சை, ஒண்ணு ரோஸ், ஒண்ணு சிவப்பு, ஒண்ணு கருநாவல் நிறம். இதைப் போய் அழகுன்னு யார் சொல்லுவா? லேபிள் கட்டலையே!

நம்ம கம்பம் பன்னீர் திராட்சையைப் பாருங்க. 2023ல புவிசார் குறியீடே வாங்கிருச்சு, வாங்கட்டும். அதுக்குப் பந்தல் போடணும், கவாத்துப் பண்ணணும், வானம் மூடினா மருந்து மெசினைத் தோள்ல மாட்டணும், பெரியாத்துத் தண்ணியை எதிர்பார்த்து நிக்கணும். மனுசனுக்குப் பொழுது போயிரும். களாவுக்கு முதல் ரெண்டு கோடை தண்ணி ஊத்தினாப் போதும், அப்புறம் உங்களைத் தேடவே தேடாது. சரளை மண்ணுலயும் வேர் பிடிக்கும். தண்ணி தேங்கினா மட்டும் கோவிச்சுக்கும். இப்படி இருந்தா உரக்கடைக்காரரும் மருந்துக்கடைக்காரரும் எப்படிப் பிழைக்கிறது? உங்களுக்கு இரக்கம் வேணும் மாப்ள.

முள்ளைச் சொல்ல மறந்துட்டேன். கவட்டை முள்ளு, சட்டையைப் பிடிச்சா விடாது. வெள்ளைக்காரன் வடக்கே உப்பு வரி கட்டாமக் கடத்துறவனை மறிக்க நூத்துக்கணக்கான மைலுக்கு உயிர்வேலி வளர்த்தான். ஹியூம் துரை, 1885ல காங்கிரஸைத் தொடங்கி வச்சாரே அவரேதான், 1867ல இருந்து கொஞ்ச வருசம் அந்தச் சுங்கத்துக்கு அதிகாரி. இலந்தை, கருவேலத்தோட களாவையும் சேர்த்து நட்டாங்க. சில இடத்துல பன்னிரண்டடி உயரம். 1879ல அந்தச் சுங்கத்தையும் வேலியையும் கைவிட்டாங்க. உப்புக் கடத்துறவனுக்கே வழி விடாத செடி, ராத்திரி சாவியைத் தொலைச்சிட்டு வந்து நிக்கிற உங்களைச் சுவரேற விடுமா?

பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகத்துல வேற வேலை இல்லாம பந்த் மனோகர், பந்த் சுதர்சன், பந்த் சுவர்ணான்னு களாவுலயே ரகம் ரகமா விட்டிருக்காங்க. தாபோலியில கொங்கண் போல்டுன்னு ஒண்ணு. இன்னொண்ணும் சொல்றேன், மகள்கிட்டச் சொல்லிராதீங்க. பேரன் பிறந்தநாள் கேக்கு மேல செர்ரின்னு சிவப்பா உட்கார்ந்திருந்துச்சே, நீங்ககூட முதல்ல அதைத்தானே எடுத்தீங்க? பேக்கரியில வைக்கிறது பெரும்பாலும் நம்ம களாக்காய்தான். கொட்டையெடுத்து, சாயம் ஏத்தி, சீனிப்பாகுல ஊறப் போட்டது. மலையடியில கிடந்தா காட்டுக்காய், கேக்கு மேல ஏறினா செர்ரி.

என் பேச்சைக் கேக்க மாட்டீங்க, தெரியும். மாமனார் சொல்லி எந்த மாப்பிள்ளை கேட்டாரு? அதனால தப்பித் தவறிக்கூட இப்படியெல்லாம் செஞ்சிராதீங்க. கறுத்த பழத்தைப் பிசைஞ்சு, விதையை அலசி, நிழல்ல ஆற வச்சு உடனே விதைச்சிராதீங்க. டப்பாவுல போட்டு அடுத்த வருசம் வரைக்கும் பத்திரமா வைங்க, அப்பத்தான் ஒண்ணும் முளைக்காது. மழை இறங்கினதும் மூணடிக்கு ஒண்ணா, குழியில தொழுவுரம் போட்டு நட்டுறாதீங்க. புள்ளைக நடக்கிற பாதையை விட்டுத் தள்ளியும் வைக்காதீங்க. பூவும் காயும் கிளை நுனியில வரும். அதனால காய் பறிச்ச பிறகு கவாத்துப் பண்ற பழக்கமே வேண்டாம். வாரா வாரம் கத்திரியோட நின்னு செவ்வகமா வெட்டிக்கிட்டே இருங்க. வேலி பார்க்க ஜோரா இருக்கும், ஊறுகாயைக் கடையில வாங்கிக்கலாம்.

மூணு நாலு வருசத்துல காய்க்க ஆரம்பிச்சிரும். அப்ப எனக்கு ஆள் அனுப்பிராதீங்க. பிஞ்சா இருக்கையிலேயே ரெண்டாக் கீறி, கல்லுப்பு, வத்தப்பொடி போட்டு நல்லெண்ணெயில ஊற வைக்கிற வேலையெல்லாம் உங்க அத்தைக்கு வயசான காலத்துல எதுக்கு? ஜாடியைக் கழுவாதேன்னு சொன்னேன், கழுவிக் கவுத்துட்டா. நாத்தும் அவதான் பாக்கெட்டுல போட்டு வச்சிருக்கா. நான் தண்ணி மட்டும்தான் ஊத்துறேன். ஞாயித்துக்கிழமை வண்டியில இடம் இருந்தா எடுத்துட்டுப் போங்க, இல்லேன்னா பின்சீட்டுல இருக்கிற டூரண்டாவை இறக்கிட்டு இடம் பண்ணுங்க.