டெஸ்ட் மாப்பிள்ளை

என் மாப்பிள்ளைக்குப் பகலில் வெளிநாட்டுக் கம்பெனி வேலை, ராத்திரியில் கூலியில்லாத் தொண்டு. லேப்டாப்பைத் திறந்துவிட்டார் என்றால் வீட்டில் யாரும் மிக்சியைத் தொடக் கூடாது. தொண்டு, கியூஜிஐஎஸ்ஸுக்கு. 2002-இல் கேரி ஷெர்மன் என்பவர் தொடங்கி, யார் வேண்டுமானாலும் நிரலைத் திருத்தலாம் என்று ஊருக்கு விட்ட வரைபட மென்பொருள் அது. மொத்த நிரலையும் டெஸ்டோடு சேர்த்துக் கட்டி முடிக்க மணிக்கணக்காகும். இன்வெர்ட்டர் அதற்கே சரி.

பிறகு டெஸ்ட் ஓடும். மென்பொருள் வரைந்த படத்தை, சேமித்து வைத்த சரியான படத்தோடு புள்ளி புள்ளியாக ஒப்பிடும். எழுத்துரு கொஞ்சம் மாறினாலே ஃபெயில். எல்லாம் பாஸ் ஆனால் நமக்கு நிம்மதி. மாப்பிள்ளைக்கு முகம் செத்துவிடும்.

"சும்மா பாஸ் ஆகுது மாமா. எதையாவது உடைச்சுப் பாத்தாத்தான் டெஸ்ட் முழிச்சிருக்கா, தூங்குதான்னு தெரியும்."

உடனே அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் இடம் மாற்றிப் போடுவார். ஏறக்குறைய 8.3 வடக்கு, 78 கிழக்கில் கிடக்கும் எங்கள் பெரியதாழை, 78 வடக்கு, 8.3 கிழக்குக்குப் போய், ஸ்வால்பார்டு தீவுகளுக்கு மேற்கே நடுக்கடலில் விழும். டெஸ்ட் ஃபெயில். அப்போது பார்க்க வேண்டுமே அந்தச் சிரிப்பை!

நிரலோடு நிறுத்திக்கொண்டால் யார் கேட்கப் போகிறார்கள்? காஸ் ரெகுலேட்டரை லேசாகத் தளர்த்திவிட்டு, யாருக்கு முதலில் வாடை அடிக்கிறது என்று பார்ப்பார். கோழிக்கூட்டைத் திறந்துவிட்டு, நாய் குரைக்கிறதா என்று பார்ப்பார். நாய் குரைக்கவில்லை. நாலு கோழி போச்சு.

திட்டவும் மனசு வராது. எங்கோ முகம் தெரியாத ஒருவர் திறக்கும் வரைபடத்தில் அவருடைய ஊர் கரையிலேயே நிற்பதற்கு, இப்படித் தூக்கம் கெட்ட மாப்பிள்ளைகளும் காரணம்.

ஆனால் போன மாசம் என் வள்ளத்து ஜிபிஎஸ்ஸில் கை வைத்தார். மீன் கிடைக்கும் கடலடிப் பார் இருக்கிற புள்ளியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்கிறார், நான் கண்டுபிடிக்கிறேனா என்று பார்க்க. கரையில் கோயில் கோபுரமும் பனையும் நேர்கோட்டில் வரவில்லை, கண்டுபிடித்துவிட்டேன். அதற்குள் அரை கேன் மண்ணெண்ணெய் காலி, வலை வெறுமை, கூட வந்த இரண்டு பேருக்கும் பங்கு இல்லை. மண்ணெண்ணெய் விற்கிற விலையில் இதெல்லாம் விளையாட்டா? கரைக்கு வந்து காசு கேட்டேன்.

"நீங்க எடுத்த எடுப்புலயே பாஸ் ஆயிட்டீங்க மாமா," என்றார் யோசனையோடு. "அதான் இடிக்குது. நாளைக்கு இன்னொரு தடவை ஓட்டிப் பாக்கணும்."