பெரணி வேடத்தில் ஒரு மரம்

கேள்வி: வால்பாறையில் தேயிலைத் தோட்டத்து ஓரமாகப் பெரணி இலையோடு ஒரு கன்றைப் பார்த்தேன். மரம் என்கிறார்கள். நம்பலாமா? எங்கள் ஊரில் வளருமா?
– ஒரு வாசகி, ஏர்பேடு

பதில்: தாராளமாக நம்பலாம். அது சில்வர் ஓக். இலையைத் திருப்பிப் பாருங்கள். பெரணியின் அடியில் வித்துகளின் பழுப்புப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். இதிலோ வெள்ளிப் பூச்சு. பெரணி எந்தக் காலத்திலும் பூக்காது. இந்த மரம் கோடையில் ஆரஞ்சு நிறத்தில் பூத்துத் தேனீக்களுக்கு விருந்து வைக்கும். ஓக் இனத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மக்கடாமியா கொட்டைதான் இதன் பங்காளி. சொந்த ஊர் கிழக்கு ஆஸ்திரேலியா. வெள்ளைக்காரர் காலத்தில் தேயிலைக்கும் காப்பிக்கும் நிழல் தர வந்து, இன்று உங்கள் மாநிலத்து அரக்குப் பள்ளத்தாக்கில் மிளகுக் கொடியையும் சுமக்கிறது.

இதே குடும்பத்தில் குவீன்ஸ்லாந்து மழைக்காட்டு மரம் ஒன்று உண்டு: ஸ்டெனோகார்பஸ் டவாலியாய்டிஸ். 'டவாலியா' என்ற பெரணியின் பெயரையே தாங்கியது. கன்றாக இருக்கையில் அச்சு அசல் பெரணி இலை. வளர்ந்தபின் அந்த வெட்டும் பிளவும் குறைந்துவிடும். அழகான பிள்ளைப் பருவம்!

ஏர்பேட்டு வெயிலுக்கு இவை எதுவும் வேண்டாம். பக்கத்துச் சேஷாசல மலையின் செம்மரத்தை நடுங்கள், அம்மா. உலகில் அது இயற்கையாக வளரும் இடமே கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிதான். வெட்டுவதற்கு மட்டும் வனத்துறை அனுமதி வேண்டும்.