சீட்டுப் போடுபவரின் சுறுசுறுப்பு

கேள்வி: லாஸ் வேகாஸ் போக்கர் மேஜையில் யார் ஜெயித்தாலும் டீலருக்கு நட்டமில்லை. பிறகு ஏன் அத்தனை விறுவிறுப்பாகச் சீட்டுப் போடுகிறார்?

பதில்: யார் ஜெயித்தாலும் அவருக்கு ஒன்றுதான், ஆனால் யாராவது சீக்கிரம் ஜெயிக்க வேண்டும்! சூதாட்ட விடுதி தரும் சம்பளம் பெரும்பாலும் குறைந்தபட்சக் கூலியை ஒட்டியே நிற்கும். வீட்டு வாடகையைக் கட்டுவது டிப்ஸ்தான். ஆட்டத்தை ஜெயித்தவர் ஒரு டாலர் சில்லை டீலர் பக்கம் தள்ளுவது வழக்கம். மணிக்கு 30 ஆட்டம் என்பது சாதாரணக் கணக்கு. கை வேகமானால் அது கூடும். கூடவே விடுதி எடுக்கும் கமிஷனும் கூடும். அதனால் யாரும் அவரை விரட்ட வேண்டியதில்லை. அரை மணிக்கு ஒருமுறை மேஜை மாறுவதால் கஞ்சர்களும் எல்லா டீலர்களுக்கும் பங்காகக் கிடைப்பார்கள்.

பிளாக்ஜாக் பக்கம் கதை வேறு. அங்கே டிப்ஸ் முழுவதும் ஒரே உண்டியலில் சேர்ந்து, டீலர்களுக்குள் பிரிக்கப்படுவதே பெரிய விடுதிகளில் வழக்கம். போக்கரில் பெரும்பாலும் அவரவர் சம்பாத்தியம் அவரவருக்கு. இரண்டிலும் நியாயம் உண்டு. நியாயமே இல்லாதது 2006-இல் நடந்தது. வின் லாஸ் வேகாஸ் விடுதி அந்த உண்டியலில் மேற்பார்வையாளர்களுக்கும் பங்கு வைத்தது. கொதித்துப்போன டீலர்கள் அடுத்த ஆண்டே வாக்களித்துத் தொழிற்சங்கத்தைக் கொண்டுவந்தார்கள். ஊழியர்களின் டிப்ஸை மேலாளர்களும் மேற்பார்வையாளர்களும் தொடக்கூடாது என்று அமெரிக்காவின் மத்தியச் சட்டம் சொன்னது 2018-இல்தான். நல்ல சட்டம், 12 ஆண்டு தாமதம்.