உதடு ஒட்டாத இட்லி

தண்டியலங்காரத்தின் சொல்லணியியலில் சித்திரகவி என்று ஒரு சர்க்கஸ் கூடாரம் இருக்கிறது. மாலைமாற்று, நாகபந்தம், கோமூத்திரி என்று உள்ளே பல வித்தைகள். என் புதுக்கவிதைகளை யாரும் திரும்பிப் பார்க்காத கோபத்தில் நான் நுழைந்தது நிரோட்டகத்துக்குள். பாட்டைச் சொல்லும்போது உதடு ஒட்டவும் கூடாது, குவியவும் கூடாது. ஆகவே ப, ம, வ மூன்றும் போயின. உ, ஊ, ஒ, ஓ, ஔ ஐந்தும் தங்கள் உயிர்மெய்ப் பரிவாரத்தோடு போயின. கணக்குப் போட்டால் 247-இல் 119 எழுத்து காலி! ஒரே ஓர் எழுத்தைத் தள்ளிவைத்து 1969-இல் ஒரு முழு நாவல் வெளியிட்ட பிரெஞ்சுக்காரர் ஜார்ஜ் பெரெக்கைப் பார்த்து உலகம் வாய் பிளக்கிறது. புண்ணியவான், தமிழில் பிறக்காமல் தப்பித்தார்.

எழுத உட்கார்ந்தால் அம்மா, அப்பா, மாமா, தம்பி எல்லாரும் வெளியே. தாத்தாவும் அக்காவும் மட்டும் வீட்டில். கிழமைகளில் திங்களும் சனியும்தான் மிச்சம். ஒன்று முதல் பத்து வரை எண்ணிப் பாருங்கள், அத்தனையும் உகரத்தில் முடிகின்றன. அரை, கால் இரண்டையும் வைத்துக்கொண்டு யாரை வர்ணிப்பது? காதலி தேறுகிறாள்; மனைவி தேறவில்லை. இதை நான் வீட்டில் சொல்லவில்லை.

17-ஆம் நூற்றாண்டில் சிவப்பிரகாசர் இதே நிபந்தனையோடு திருச்செந்தில் முருகன்மேல் ஓர் அந்தாதியே பாடிவிட்டார். போதாதென்று, ஒரே எழுத்துத் தொடர் வெவ்வேறு பொருளில் மடங்கி வரும் யமகம் வேறு. முருகன், வேலன், குமரன், ஆறுமுகன் என்று வாய்விட்டு அழைக்க முடியாது. வேலும் மயிலும்கூட ஆகாது. செந்தூர் ஆகாது, செந்தில் ஆகும். போட்டிக்கு வந்த புலவர் தொடங்கக்கூட முடியாமல் தோற்றார் என்பார்கள். எனக்கு அந்தப் புலவர்மேல்தான் வாஞ்சை.

என் பாடுபொருள் எளியது: காலைச் சிற்றுண்டி. தோசை, வடை, பொங்கல், சாம்பார், காப்பி எதுவும் விதிக்கு அடங்கவில்லை. இட்லி, சட்னி, நெய் அடங்கின. என் உதட்டைக் கண்காணிக்க மகளை எதிரே உட்காரவைத்துவிட்டுப் பாடினேன்:

"கண்ணே, தட்டில் இட்லி இல்லையே!
என்ன செய்தனை? ஏழை நான் இளைத்தேன்."

இது என்ன பா என்று யாப்பறிந்தவர்கள் கேட்காதிருப்பார்களாக. மகள் தேர்ச்சி என்று தலையாட்டினாள். கரண்டியோடு சமையலறை வாசலுக்கு வந்தாள் மனைவி.

"அரிசியே இல்லை. கடைக்காரர்கிட்ட கேட்டீங்களா, இல்லையா?"

மகள் கண்ணை விரித்தாள்: "அப்பா! அம்மாவுக்கும் உதடு ஒட்டவே இல்லைப்பா!"