கடலைக் காணவிடாமல் காத்தவர்களுக்கு

அனுப்புநர்: காரின் இடது ஜன்னலைப் பிள்ளைகளுக்குப் பங்குபோட்டுக் கொடுக்க முடியாமல் தவிக்கும் ஒரு தகப்பன்.

பெறுநர்: கிழக்குக் கடற்கரைச் சாலையைப் போட்டவர்கள், அகலப்படுத்துகிறவர்கள், அதன் ஓரத்தில் மதில் எழுப்ப ஒப்புதல் தருகிறவர்கள்.

பொருள்: சென்னை முதல் புதுச்சேரி வரை கடலை மறைத்துக் காத்தமைக்கு நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: இல்லை. மதில் மறைக்கிறது.

ஐயா / அம்மா,

அடுத்த மாதம் குடும்பத்தோடு புதுச்சேரிக்குக் காரில் போவதாகத் திட்டம். ஏறத்தாழ 150 கிலோமீட்டர். திண்டிவனம் வழியே போனால் லாரிக்குப் பின்னால் லாரி. கடலோரமாகப் போனால் கண்ணுக்குக் குளிர்ச்சி என்று வீட்டில் ஏகமனதாக முடிவாயிற்று. போகும்போது கடல் இடப்பக்கம் என்பதால் அந்த ஜன்னலுக்கு இப்போதே அடிதடி. எப்படித் தீர்த்துவைப்பது என்று மண்டையைக் குடைந்தபோதுதான் உங்கள் தொலைநோக்கு விளங்கியது. எந்த ஜன்னலில் உட்கார்ந்தாலும் ஒன்றுதான்!

திருவான்மியூரைத் தாண்டியதுமே உங்கள் கைவண்ணம் ஆரம்பமாகிவிடுகிறது. நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம், பனையூர், உத்தண்டி என்று பங்களா மதில், ரிசார்ட் மதில், கல்யாண மண்டப மதில். ஆளுயரத்துக்கு மேல் சுவர், சுவருக்கு மேல் கண்ணாடிச் சில்லு, சில்லுக்கு மேல் காகிதப்பூ. எங்கேயாவது ஒரு இரும்பு கேட் திறந்து கார் உள்ளே நுழையும். வாட்ச்மேன் சல்யூட் அடித்து முடிப்பதற்குள் புல்தரைக்கு அப்பால் ஒரு முழ நீளத்துக்கு நீலமாக ஏதோ மின்னும். கடலா, நீச்சல் குளமா என்று தீர்மானிப்பதற்குள் கேட்டைச் சாத்திவிடுவார்கள். விடிகாலையில் கிளம்பினால் சூரியோதயம் உண்டு. யாரோ ஒருவருடைய மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து. முழுக் கடலையும் பார்த்தே தீரவேண்டும் என்கிறவர்களுக்கு மனை விற்கும் விளம்பரப் பலகைகள் இருக்கின்றன. அதில் அலையும் உண்டு.

சட்டமும் உங்களுக்குத் தோதாகத்தான் நடந்திருக்கிறது. 1991-ல் மத்திய அரசு கடலோர ஒழுங்குமுறை மண்டலம் என்று அறிவித்து, அலையேற்றக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுமானங்களுக்குக் கடிவாளம் போட்டது. 2019-ல் வந்த அறிவிக்கை, மக்கள் நெருக்கம் மிகுந்த கிராமப்புறக் கரைகளில் ‘கட்டவே கூடாத’ பகுதியை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருக்கியது. கடல் ஏறி வருகிறது என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். நாம் இறங்கிப்போய் எதிர்கொண்டு அழைக்கிறோம். விருந்தோம்பலில் தமிழனை மிஞ்ச ஆளில்லை.

மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலுக்கும் மதில் உண்டு. எட்டாம் நூற்றாண்டில் அதைக் கட்டிய ராஜசிம்ம பல்லவன் மதில்மேல் வரிசையாக நந்திகளை உட்காரவைத்தான். கண்ணாடிச் சில்லு பதிக்கலாம் என்று அவனுக்கு யோசனை சொல்ல ஆளில்லை. மாமல்லபுரச் சின்னங்களை யுனெஸ்கோ 1984-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. உத்தண்டி மதில்களுக்கு அந்த மரியாதை இன்னும் கிடைக்காததில் எனக்கு வருத்தமே. அடுத்து கல்பாக்கம். அணுமின் நிலையம். வழிநெடுக, கடலை மறைப்பதற்கு ஒரு காரணத்தோடு நிற்கும் மதில் அது ஒன்றுதான்.

நிற்க. உங்கள் பணியில் சில ஓட்டைகள் தென்படுகின்றன. முட்டுக்காடு பாலத்தில் கழிமுகம் பட்டவர்த்தனமாகத் தெரிகிறது. மரக்காணத்தில் நிலைமை இன்னும் மோசம். கட்டம் கட்டமாக உப்புப் பாத்திகள், பாத்திக்குள் வானம், வரப்பில் வெள்ளைவெளேரென்று குவியல், கணுக்கால் அளவு உப்புநீரில் நின்று பலகையால் உப்பை வாரி இழுக்கும் ஆண்களும் பெண்களும். கட்டணம் கிடையாது, கேட் கிடையாது, வாட்ச்மேன் கிடையாது. இதை எப்படிக் கோட்டைவிட்டீர்கள் என்று யோசித்தால் விடை லேசானது: சேற்றில் அஸ்திவாரம் நிற்காது. இந்தச் சாலையில் தண்ணீர் கண்ணில் படுகிற இடமெல்லாம் மதில் நிற்க முடியாத இடங்கள். பெருந்தன்மையாக நீங்கள் விட்டுவைத்தது என்று ஒன்றும் இல்லை.

கடப்பாக்கம் பக்கத்து ஆலம்பரைக் கோட்டையையும் கவனிக்க வேண்டும். பிரெஞ்சுக்காரர் வசமிருந்ததை 1760-ல் ஆங்கிலேயர் பிடித்து இடித்துப் போட்டார்கள். செங்கல் மதில் சரிந்த இடைவெளியெல்லாம் கடல். முன்னனுமதியின்றி மதிலை இடித்த அந்த நிர்வாகத்தின்மேல் உடனே நடவடிக்கை தேவை.

புதுச்சேரிக்காரர்களோ திருந்துவதாக இல்லை. மாலை 6 மணிக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்தி, காலை 7.30 வரை மனிதர்களை நடக்க விடுகிறார்கள். சுவர் எழுப்பவேண்டிய இடத்தில் சுண்டல் தின்றுகொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

எனவே பணிந்து கோருவது:

1. ஃபாஸ்டாகில் சுங்கம் பிடித்ததும் வரும் குறுஞ்செய்தியோடு கடலின் படம் ஒன்றையும் அனுப்ப வேண்டும். கட்டிய காசுக்குப் பிள்ளைகளிடம் காட்ட ஏதாவது வேண்டுமே.

2. ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு பலகை: ‘இடப்புறம் கடல் உள்ளது. நம்பவும்.’

3. மதிலுக்கும் மதிலுக்கும் நடுவே, வலையும் ஐஸ் பெட்டியுமாக மீனவர்கள் போய்வரும் குப்பத்துச் சந்துகள் இன்னும் மிச்சம் இருக்கின்றன. குப்பங்களை இணைத்த சின்னச் சின்னப் பாதைகளைக் கோத்துத்தான் இந்தச் சாலையே உண்டானது. அந்தச் சந்துகளையாவது அளந்து, கல் நட்டு, ‘பொதுவழி’ என்று எழுதிவையுங்கள். மீனவர் போக்குவரத்துக்கு இடைஞ்சல் இல்லாமல் சாலையோரம் நாலு கார் நிற்க இடம் இருந்தால் போதும். இந்த மூன்றாவதை மட்டும் விளையாட்டுக்கு எழுதவில்லை.

இப்படிக்கு,
சுங்கம் கட்டத் தவறாத ஒரு பயணி

நகல்:
வங்காள விரிகுடா – தகவலுக்காக.
மரக்காணம் உப்பளங்கள் – முன்னெச்சரிக்கைக்காக.