தாளம் தப்பிய தகப்பன்

போன வருடம் நவராத்திரிக்கு எங்கள் வீட்டுக் கொலு முன்னால் மகள் முக்கால் மணி நேரம் பாடினாள். வீடியோக்காரரைக் கூப்பிடலாம் என்றாள் மனைவி. "நான் எதுக்கு இருக்கேன்?" என்றேன். அந்தக் கேள்விக்கு அவள் எப்போதுமே பதில் சொல்வதில்லை, பெருந்தன்மை.

படத்துக்குப் புத்தக அலமாரி மேல் என் செல்போன். அங்கிருந்து அது பாட்டைவிட மின்விசிறியையும் சுண்டல் தாளிப்பையும்தான் நன்றாகப் பதிவு செய்யும் என்பதால், ஒலிக்கு இரவல் ரெக்கார்டர் ஒன்றை மகளுக்கு இரண்டடி முன்னால் வைத்தேன். பிறகு கம்ப்யூட்டரில் இரண்டையும் சேர்க்க வேண்டியது, அவ்வளவுதான்.

"சினிமாவில கட்டை தட்டுவாங்களே, அந்த மாதிரி முதல்ல ஓங்கி ஒரு தட்டு தட்டிடுங்க" என்றாள் மனைவி. கட்டை மூடும் ஃபிரேமையும் 'டக்' என்ற ஓசையையும் பொருத்திவிட்டால் மற்றதெல்லாம் தானாகச் சேர்ந்துகொள்ளும். எனக்குத் தெரியாததா? "ஆரம்பிக்கும் முன்னாடியே கை தட்டினா, முடிஞ்சிடுச்சுன்னு ஜனங்க சுண்டலுக்கு எழுந்திடுவாங்க" என்று மறுத்துவிட்டேன்.

மறுநாள் உட்கார்ந்தேன். ரெக்கார்டர் ஒலியை விநாடிக்கு 44,100 மாதிரிகளாகப் பதிந்திருந்தது. வீடியோவுக்கு வழக்கம் 48,000. நான் எதையோ அழுத்தியதில், அந்த 44,100 கணக்கை மென்பொருள் 48,000 வேகத்தில் ஓட்டிவிட்டது. ஐந்து கட்டையில் பாடிய பெண் ஐந்தரையைத் தாண்டி ஆறை எட்டிப் பார்த்தாள். சுருதிப்பெட்டியும் கூடவே ஏறியதால் சுருதி சுத்தமாகச் சேர்ந்திருந்தது. "குரல் என்னமா மெருகேறியிருக்கு!" என்று பூரித்துப் போனேன். ஒலி நான்கு நிமிடம் முன்னதாகவே தீர்ந்து, படத்தில் மகள் சத்தமில்லாமல் மங்களம் பாடியபோதுதான் விழித்தேன்.

அதைச் சரிசெய்தபின் ஒரு யோசனை பளிச்சிட்டது. தட்டுத்தானே வேண்டும்? மகள் பாட்டு முழுக்கத் தொடையில் தட்டிக்கொண்டுதானே இருந்தாள்! ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையில் ஒன்று, ஐந்து, ஏழில் தட்டு விழும். ஒலி அலையில் கூர்முனையாகத் தெரிந்த ஒன்றைப் பிடித்துப் படத்தில் கை விழும் இடத்தில் பொருத்தினேன். கை கனகச்சிதம், வாய் மட்டும் வேறு பாட்டு பாடியது. நான் சேர்த்தது அடுத்த ஆவர்த்தனத்தின் தட்டு. இன்னொரு முனையைப் பிடித்தேன். அது மிருதங்கம்.

மாடி வீட்டு சார் சங்கீத ஞானி. பார்த்துவிட்டுக் கேட்டார்: "இது சம எடுப்புப் பாட்டாச்சே, பாப்பா ஏன் தட்டுக்கு அப்புறமா, அனாகதத்தில எடுக்குது?" ஒலியைச் சற்று முன்னே தள்ளிக் காட்டினேன். "இப்போ அதீதம்" என்றார்.

கடைசியில் காப்பாற்றியது கற்பனாஸ்வரம். ஏழு ஸ்வரங்களில் 'ம', 'ப' இரண்டுக்கு மட்டும்தான் உதடு ஒட்டும். ஒட்டிய உதடு திறக்கும் ஃபிரேமைத் தேடிப் பிடித்து, அங்கே 'ப'வை வைத்தேன். பொருந்தியது! முதல் பாட்டுக்கு மட்டும். போகப்போக மறுபடி நழுவியது.

காரணம், செல்போனுக்கு ஒரு கடிகாரம், ரெக்கார்டருக்கு ஒரு கடிகாரம். பத்து லட்சத்தில் ஐம்பது பங்கு வித்தியாசம் இருந்தாலே நாற்பது நிமிடத்தில் 0.12 விநாடி விலகும். எங்கள் கூடத்துக் கடிகாரமும் சமையலறைக் கடிகாரமும் இருபது வருடமாக ஒத்துப்போகாததைப் பார்த்தவனுக்கு இது முன்பே உறைத்திருக்க வேண்டும். ஒலியைப் பாட்டுப் பாட்டாக நறுக்கி, ஒவ்வொன்றுக்கும் உதடு பார்த்து ஒட்டினேன்.

இதில் ஒரு சலுகையும் உண்டு. படத்துக்குப் பின்னால் ஒலி ஏறக்குறைய எட்டில் ஒரு விநாடி தாமதித்தாலும் கண்ணை உறுத்தாது. முந்தினாலோ விநாடியின் இருபதில் ஒரு பங்குக்குள்ளேயே காட்டிக்கொடுத்துவிடும். மின்னலுக்குப் பிறகே இடி கேட்டுப் பழகியவர்கள் நாம். எங்கள் வீட்டில் என் யோசனைக்கு முன்பே மனைவியின் பதில் வந்துவிடுவது எனக்கு ஏன் உறுத்துகிறது என்பதும் விளங்கியது.

எல்லாம் முடியத் தைப்பொங்கல் ஆகிவிட்டது.

இந்த வருடம் புத்தி வந்தது. மகள் வாய் திறக்கும் முன், கேமராவுக்கு எதிரே நின்று ஓங்கி ஒரே ஒரு தட்டு தட்டினேன். கூடம் முழுக்க மரியாதையாகக் கூடவே கை தட்டியது. ரெக்கார்டரில் ஒரு கூர்முனைக்குப் பதில் ஒரு காடே முளைத்தது. பெரியப்பா எழுந்து சுண்டல் எங்கே என்று கேட்டார்.