பதிப்புக் காவலர்

எதற்கும் ஓய்வு கொடுக்க மனம் வராத மனிதர்களின் வர்க்கம் ஒன்று உலகத்தில் உண்டு. கைப்பிடி போன குடையையும் முள் நின்ற கடிகாரத்தையும் பரணில் ஏற்றி, ‘என்றைக்காவது உதவும்’ என்று அவற்றுக்கு அபயம் அளிக்கும் சாமானியர்களை நான் சொல்லவில்லை. அவர்களுடைய பிரேமை கண்ணுக்குத் தெரியும் வஸ்துக்களோடு நின்றுவிடுகிறது. கைக்கு அகப்படாத ஒரு மென்பொருளின் பழைய பதிப்பைச் சாகவிடாமல் காப்பதையே ஜீவிய விரதமாகக் கொண்ட நூதனப் பிரகிருதி ஒருவரைக் கம்ப்யூட்டர் யுகம் பெற்றெடுத்திருக்கிறது. அவருக்குப் பதிப்புக் காவலர் என்று பெயர் சூட்டலாம்.

வீராணம் ஏரிக்கரையில், காட்டுமன்னார்கோயிலை அடுத்த லால்பேட்டையின் கடைவீதியில், பாஸ்போர்ட் விண்ணப்பம், வளைகுடாவுக்குப் போகிறவர்களின் விமான டிக்கெட், நிக்காஹ் பத்திரிகை, ரேஷன் அட்டைத் திருத்தம் ஆகிய சகல கைங்கரியங்களும் நடைபெறும் ஒரு கம்ப்யூட்டர் சென்டரை மனத்தில் கற்பித்துக்கொள்ளுங்கள்; மற்ற இயந்திரங்களெல்லாம் புது மெருகோடு விளங்க, மூலையில் ‘இதை ஆஃப் பண்ணாதீங்க’ என்று காகிதம் ஒட்டிய கறுப்புப் பெட்டி ஒன்றும், அதன் பக்கத்தில் முதலாளி பாயும் தவறாமல் தரிசனம் தருவார்கள். பெட்டிக்குள் இருப்பது உபுண்டு 14.04 என்ற இயங்குதளம், அதற்குள் பைத்தான் 2.7 என்ற நிரல்மொழி, அதற்குள், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்து உற்சாகத்தில் பாய் எழுதிய வெற்றிலைக் கணக்கு. கொடிக்கால்களிலிருந்து மண்டிக்கு வரும் இலையைக் கவுளி கவுளியாகப் பிரித்துப் பட்டியல் போடுவது ஒன்றே அந்த நிரலின் தொழில்.

இத்தனைக்கும் பைத்தான் இரண்டாம் பதிப்பு அகால மரணம் அடைந்ததாக எவரும் புகார் சொல்ல இடமில்லை. 2000-ஆம் ஆண்டில் பிறந்த அதற்கு 2008 டிசம்பரிலேயே மூன்றாம் பதிப்பு வாரிசாக வந்துவிட்டது. 2015-இல் ஓய்வு என்று விதித்தவர்கள், உலகெங்கும் எழுந்த புலம்பலைச் சகிக்க மாட்டாமல், 2020 வரையில் ஐந்து ஆண்டு நீட்டிப்பும் கொடுத்தார்கள். தமிழக அரசு தன் ஊழியர்களின் ஓய்வு வயதை 2020-இல் 58-லிருந்து 59-ஆகவும் மறு வருஷம் 60-ஆகவும் உயர்த்திய தாராளங்கூட இதற்கு ஈடாகாது. பைத்தானின் கர்த்தாவாகிய குய்டோ வான் ராசம் 2018-இல் தாமே தலைமைப் பொறுப்பைத் துறந்தார். 2020 ஜனவரி முதல் தேதி பதிப்பின் ஓய்வும் அமலுக்கு வந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் 2.7.18 என்ற இறுதி வெளியீட்டோடு விவகாரம் தீர்ந்தது. கர்த்தாவுக்கு வந்த வைராக்கியம் காவலருக்கு மட்டும் வரவில்லை.

“அறிவிப்பு வந்தா ஆச்சா? இறக்க முடியணுமே!” என்பார் பாய். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. கொடிக்காலில் ஓர் அகத்தியை வெட்டினால் அதைப் பற்றியேறிய வெற்றிலைக் கொடிகள் சாய்வதுபோல, இயங்குதளத்திலிருந்து ஒரு மொழியின் பதிப்பை உருவினால், அதன்மேல் நிற்கும் நிரல்கள் ஒவ்வொன்றாக விழும். டெபியன் இயங்குதளத்தின் தொண்டர்கள் ஒவ்வொரு பொதியாகத் தேடிப் பிடித்து, திருத்தக் கூடியவற்றைத் திருத்தி, நாதியற்றவற்றைக் கழித்து, 2023 ஜூனில் வந்த பன்னிரண்டாம் பதிப்பில்தான் பைத்தான் இரண்டை முற்றிலும் இறக்கி வைத்தார்கள். ஆப்பிளோ 2022-இல் மேக்ஓஎஸ் 12.3-ஐ வெளியிட்ட கையோடு அதை நீக்கிவிட்டது. பாயின் மூலைப் பெட்டிக்கு இந்தச் சமாசாரங்கள் எட்டவில்லை. அதற்கு இணைய இணைப்பே கிடையாது.

பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் 2019-இல் பைத்தான் மூன்றுக்கு மாறியதுதான் பாய்க்கு வினையாக முடிந்தது. அந்தப் பாடநூலைக் கரைத்துக் குடித்த தங்கை மகன், ஒரு மாலையில் கடைக்கு வந்து நிரலைப் பார்த்தான்.

“மாமா, பிரிண்டுக்கு அடைப்புக்குறியே போடலியே?”

“நான் படிச்சப்போ அது தேவையில்லடா. இப்பத்தான் எல்லாத்துக்கும் வேலி போடுறானுவ.”

பையன் தன் மடிக்கணினியில் ‘லால்பேட்டை’ என்று தட்டி, எத்தனை எழுத்து என்று கேட்டான். மூன்றாம் பதிப்பு பத்து என்றது. அதே கேள்விக்கு மூலைப் பெட்டி முப்பது என்றது; எழுத்தை எண்ணாமல், எழுத்தைச் சேமிக்கும் பைட்டுகளை எண்ணுவது அதன் ஸ்வபாவம். வாசலில் ஜெராக்ஸ் எடுக்க நின்றிருந்த ஐந்தாம் வகுப்புச் சிறுமி விரல் விட்டு எண்ணி, ஐந்து என்றாள். “பார்த்தியா, உன்னோடதும் தப்புத்தான்!” என்று பாய் பரமானந்தம் அடைந்தார். தன் கட்சி இருபத்தைந்து எழுத்தில் தோற்றதும், எதிர்க்கட்சி ஐந்தில் தோற்றதும் அவருக்குச் சமமாகவே பட்டன.

இந்த வர்க்கத்தின் ரகசியம் இங்கேதான் இருக்கிறது. காவலர் காப்பது பதிப்பை அன்று. இரண்டாம் பதிப்பில் தாம் பண்டிதராக இருந்த அந்தஸ்தை. மூன்றாம் பதிப்புக்கு வந்தால் மருமகனோடு ஒரே பெஞ்சில் உட்கார வேண்டும் என்ற பயத்துக்கு ‘ஸ்திரத்தன்மை’ என்று கௌரவமான பெயர் ஒன்றைக் கொடுத்து வைத்திருக்கிறார்.

அவருடைய கடைசி அஸ்திரம் வகுத்தல். நூறு இலை ஒரு கவுளி என்ற அவர் கணக்கில், 250 இலையை நூறால் வகுத்தால் பழைய பதிப்பு 2 என்று முழு எண்ணாகச் சொல்லும், புதியது 2.5 என்று பின்னம் பேசும். “பட்டியல்ல புள்ளி வந்தா மண்டியில சண்டை வரும்டா” என்பது அவர் சித்தாந்தம்.

“அப்ப மிச்சம் ஐம்பது இலை யாருக்கு மாமா?”

“கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுடா” என்றார் பாய். இத்தனை வருஷமாக ஒரு கொடிக்கால்காரரும் கேட்காத கேள்வி அது.

பையன் விவாதத்தை வளர்க்கவில்லை. புதிய பதிப்பில் வகுத்தல் கோட்டை இரட்டையாகப் போட்டான்; பழைய 2 அப்படியே வந்து நின்றது. பாய் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். ஒரே ஒரு சாய்கோட்டுக்காகவா இத்தனை காலம் மூலைப் பெட்டிக்கு மின்கட்டணம் கட்டினோம் என்ற விசாரம் அவர் முகத்தில் ஒரு கணம் தோன்றி மறைந்தது. மறுநாளே அவர் தீவிர சீர்திருத்தவாதியாகிவிட்டார். எதிர்த்த மருந்துக் கடையில் விண்டோஸ் 7 ஓடுவதைக் கண்டு, “காலத்துக்கேத்த மாதிரி மாறணும் பாய்” என்று அரை மணி நேரம் உபதேசமும் செய்தார்.

உற்சாகம் மேலிட்ட மருமகன், சதவீதக் குறி ஒன்றைச் சேர்த்தால் மிச்சமுள்ள ஐம்பது இலையும் பட்டியலில் வந்துவிடும் என்று எடுத்துக் காட்டினான். பாய் அதையும் நிதானமாகப் பரிசீலித்துவிட்டுச் சொன்னார்:

“நல்ல யோசனைதான். அடுத்த பதிப்புல பார்த்துக்கலாம்.”